சுவரில்லாத நிலைவாசல்

வெள்ளக்கடை

அன்பு மகள் கவிப்பிரியாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், கறுப்பாடு குட்டி போட்டுச் சௌக்கியமாக இருக்கிறது, அப்பாவின் மானம் மட்டும்தான் போன செவ்வாய்க்கிழமையிலிருந்து கொஞ்சம் சுகமில்லை. நீயும் சின்னக்கண்ணு ஹரிணியும் அந்தக் கனடாக் குளிரில் சளி பிடிக்காமல் இருக்கிறீர்களா என்று எழுது. விஷயம் என்னவென்றால், உன் அப்பன் பட்டப்பகலில், ஒரு ஆபீசரம்மா பார்க்க, பக்கத்துக் காட்டுச் சின்னராஜ் பார்க்க, ஒரு கதவு நிலைக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டுவிட்டேன். கதவுகூட இல்லை சாமி, வெறும் நிலை. போனில் சொல்லலாம் என்றால் உன் அம்மா பாதியில் பிடுங்கி, நடந்ததோடு நடக்காததையும் சேர்த்துச் சொல்லிவிடுவாள். அதனால்தான் தபால்.

எல்லாம் உனக்கு ஒரு அறை கட்டப் போய் வந்த வினை. மாப்பிள்ளையோடு இனி முடியாது, சித்திரையில் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன், இருக்க இடம் இருக்குமா அப்பா என்று கேட்டாய் அல்லவா. நம் வீட்டில் இருப்பது ஒரு ஹாலும் ஒரு அடுப்படியும்தான். ராத்திரி நான் விடுகிற குறட்டைக்குக் கூரை ஓடே நகர்ந்து கொடுக்கிறது, அதற்குள் பிள்ளையை எங்கே படுக்க வைப்பது. ஆகவே வீட்டை ஒட்டின காலி இடத்தில் ஒரு அறை, ஒரு பாத்ரூம், யாரையும் கேட்காமல் நீ வந்துபோக ஒரு தனி வாசல் என்று நானும் அம்மாவும் முடிவு செய்தோம். நீ வருகிறாய் என்பது தவிர வேறு எதுவும் இங்கே யாருக்கும் தெரியாது, முக்கியமாகச் சின்னராஜுக்குத் தெரியாது, அவனுக்குத் தெரிந்தால் அடுத்த பஸ்ஸில் நாகலூருக்குத் தெரிந்துவிடும்.

மலையில் கட்டடம் என்றால் அனுமதி வாங்காமல் கோழிக்கூடுகூடக் கட்ட முடியாது கண்ணு. கீழே கடை வைத்திருக்கிற ஹனீபா பாய் மகன் இர்பான் இப்போது ஏற்காட்டில் பிளான் போட்டுக் கொடுக்கிறான், அவன்தான் நமக்கும் வரைந்து கம்ப்யூட்டரில் ஏற்றினான். மண் பார்க்க ஒருத்தர், மரம் பார்க்க ஒருத்தர், சரிவு பார்க்க ஒருத்தர் வருவார்கள் மாமா என்றான். உன்னைப் பெண் பார்க்கக்கூட இத்தனை பேர் வரவில்லை, வந்திருந்தால் நன்றாகப் பார்த்திருக்கலாமோ என்னவோ. இடம் எவ்வளவு சரிவு என்று கேட்டான், ஒரு குடம் தண்ணி ஊத்துனா உங்கப்பன் கடை வரைக்கும் ஓடும்டா என்றேன், அதைக் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளவில்லையாம். போகும்போது ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னான். மாமா, ஆர்டர் வர்ற வரைக்கும் ஒரு கல்லைக்கூட நட்ராதீங்க, எடம் காலியா இருக்கோணும், வேலை ஆரம்பிச்சதுன்னு தெரிஞ்சா பைல் திரும்பிப் போயிரும், அப்பறம் சித்திரையுமில்ல ஆடியுமில்ல என்றான். நானும் கல்லைத் தொடவில்லை, சத்தியம். ஆனால் மேஸ்திரி வந்து, தை முடியப் போகுதுங்க, மாசியில ஊட்டு வேலை தொடக்கூடாதுங்க, நிலையை மட்டும் நல்ல நாள்ல நட்டு வெச்சுட்டா அப்பறம் எப்ப வேணா சொவுரு எழுப்பிக்கலாமுங்க என்று காதில் ஓதினார். கல்லைத்தானே தொடக்கூடாது என்றான், மரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று என் எட்டாங்கிளாஸ் மூளை வேலை செய்தது. நல்ல பலா மர நிலை, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, மாலை போட்டு, காப்பிச் செடிக்கு நடுவே மூங்கில் முட்டுக் கொடுத்து நட்டுவிட்டோம். இந்தப் பக்கம் நின்றாலும் வெளியே, அந்தப் பக்கம் போனாலும் வெளியே. உன் அம்மா அதன் வழியாகப் போய்ப் போய் வந்து சந்தோஷப்பட்டாள்.

அடுத்த நாளே சொல்லாமல் கொள்ளாமல் ஜீப் வந்து நின்றது. இடம் பார்க்க வந்த ஆபீசரம்மா இறங்கி நேரே அந்த நிலையைத்தான் பார்த்தார். பைல் திரும்பிப் போய்விடுமே என்று நான் தொப்பென்று விழுந்து கும்பிட்டு, இது எங்க குலசாமிங்க மேடம், மூணு தலைமொறையா இங்கதானுங்க நிக்குது என்று அடித்துவிட்டேன். பாவம், அந்தம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்டு முடித்துக் கிட்டத்தில் போய்ப் பார்த்துவிட்டு, ஏனுங்க பெரியவரே, மூணு தலைமொறைச் சாமிக்குப் புதுக் கீல் எதுக்குங்க என்று கேட்டார். ராத்திரியில சாமி கதவைச் சாத்திக்குமுங்க என்றேன். சின்னராஜ் வாயில் துண்டைத் திணித்துக்கொண்டான். அந்தம்மா சிரிக்காமல், கோயில் இருக்குற எடம்னா அதுக்குத் தனி அனுமதி, கலெக்டர் வரைக்கும் போகோணும், கோயில்னே எழுதிக்கட்டுமா என்றார். அப்போதுதான் உன் அம்மா களி கிண்டின துடுப்போடு வெளியே வந்தாள். ஏனுங்க மேடம், இந்த மனுசன் சொல்றதைக் கேக்காதீங்க, அது சாமியுமில்ல பூதமுமில்ல, எம்மக வந்து இருக்கறதுக்கு ரூம்பு கட்ட வெச்ச நெலை, நாள் போயிருமேன்னு நட்டுப்போட்டோம், கடக்கால் ஒண்ணும் தோண்டலீங்க, வேணும்னா இந்தத் துடுப்புலயே நோண்டிப் பாருங்க என்று நீட்டினாள். அந்தம்மாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை, ஜீப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, நான் கீழ போயி சரிவைப் பாத்துட்டு வர்றேன், வந்து போட்டோ எடுக்கறப்ப இது இங்க இருந்தா வேலை ஆரம்பிச்சுட்டாங்கன்னுதான் எழுதுவேன் என்று சொல்லிப் போனார்.

பிடுங்குவதா பெரிய வேலை என்று நான் மூங்கில் முட்டில் கை வைத்தேன். உன் அம்மா துடுப்பை ஓங்கினாள். எழுப்புன நெலையைப் படுக்க வெச்சா அந்த ஊடு வெளங்குமா, எம்புள்ளைக்கு இதுவரைக்கும் பட்டது பத்தாதா என்றாள். மிளகு பறித்துக்கொண்டிருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டு, நானும் சின்னராஜும் சேர்ந்து நான்கு பேராக, நின்ற நிலையை நின்றபடியே தூக்கிக்கொண்டு கிளம்பினோம். மாலையும் மாவிலையும் ஆட, முன்னால் துடுப்போடு உன் அம்மா, சாமி ஊர்வலம் தோற்றது. ரோட்டைத் தாண்டும்போது சரியாக நாகலூர் பஸ் வந்து நின்றுவிட்டது. எஸ்டேட் பொம்பளைகள் எல்லாரும் ஜன்னல் வழியாகக் கும்பிட்டார்கள். கண்டக்டர் இறங்கி வந்து திருநீறு கேட்டார், நிலையில் இருந்த மஞ்சளைத் தொட்டு நெற்றியில் வைத்து அனுப்பினேன். சின்னராஜின் மாட்டுக் கொட்டகை வாசலில் கொண்டுபோய் நட்டோம். அவன் மாடு இப்போது தினம் அந்த நிலைக்குள்தான் புகுந்து போகிறதாம். எந்த வீட்டுக்கும் பசு முதலில் நுழைவது நல்லதுதான், இங்கே வீடு மட்டும்தான் பாக்கி.

காலி இடத்தைப் போட்டோ எடுத்துவிட்டு அந்தம்மா பிளானை விரித்தார். தனி வாசல், தனி பாத்ரூம், இது டூரிஸ்டுக்கு விடற காட்டேஜ் மாதிரியல்ல இருக்குது என்று ஒரு பார்வை பார்த்தார். அவரையும் குறை சொல்ல முடியாது, இங்கே வீடு என்று எழுதிக் கொடுத்துவிட்டு மறு மாசம் போர்டு மாட்டுகிறவர்கள் நிறைய. எம்மக வந்து இருக்கறதுக்குத்தானுங்க என்று நானும் அம்மாவும் ஒரே குரலில் சொன்னோம், கல்யாணமானதிலிருந்து நாங்கள் ஒரே குரலில் பேசினது அதுதான் முதல் தடவை. சரி, நல்லபடியா எழுதி அனுப்பறேன், ஆர்டர் வர்ற வரைக்கும் இனி மரத்தையும் தொடாதீங்க என்றார். பங்குனிக்குள் வந்துவிடும் என்கிறான் இர்பான். சித்திரைக்குள் கூரை ஏறாவிட்டாலும் நீ தேதியை மாற்றாதே, நான் என் குறட்டையைத் தூக்கிக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுகிறேன்.

சாப்பாட்டை விடாதே. மாப்பிள்ளையோடு போனில் சண்டை வளர்க்காதே, பேச வேண்டியதை வக்கீல் பேசட்டும். உன் சர்டிபிகேட்டையும் பிள்ளையின் ஊசி போட்ட அட்டையையும் கைப்பையிலேயே வை. பாத்ரூமுக்கு என்ன நிறத்தில் டைல்ஸ் என்று சீக்கிரம் சொல், உன் அம்மா பச்சை என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், விட்டால் பாசி பிடித்த கிணறு மாதிரி ஆக்கிவிடுவாள். நம் மலைச்சாமி சேர்வராயன் உன்னையும் பிள்ளையையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வரட்டும்.

ஒன்று எழுத விட்டுவிட்டேன். ஜீப்பில் ஏறும்போது அந்தம்மா சும்மா பேச்சுக்கு, மகளுக்கு எத்தனை நாள் லீவுங்க என்று கேட்டார். சின்னராஜ் காதை நீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றான், உன் அம்மா தரையைப் பார்த்தாள். வந்தாத்தானுங்க தெரியும் என்று இருமிச் சமாளித்துவிட்டேன். ஜீப் வளைவு திரும்புகிற வரைக்கும் சொல்ல முடியாமல் தொண்டையிலேயே நின்று, அப்புறம் உள்ளே போய்விட்டது இதுதான் கண்ணு: லீவு இல்லீங்க மேடம், எம்புள்ள அவ ஊட்டுக்கு வர்றா.

இப்படிக்கு,
உன் அப்பா
மாதேஸ்வரன்