சரக்குத்தூள் பேணிக்குள் வைத்த குளிசைகள்

ரெக்ஸ்டேல், ரொறன்ரோ
2024 பங்குனி 6, புதன்கிழமை

அன்பு மகள் மெலனிக்கு,

மடு மாதாவின் துணையால் நீயும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். உனக்கு வயிற்றை வெட்டித்தான் மகன் பிறந்தான் என்பதே நேற்று மருமகன் றொய்சன் முகநூலில் போட்ட படத்தால்தான் தெரியும். அக்காவின் பேற்றுக்கு நின்றுவிட்டு உன்னிடம் பாரிசுக்கு வரவில்லை என்ற கோபத்தில் என் அழைப்புகளை நீ எடுப்பதில்லை. அந்தச் சண்டையைப் பிறகு பிடிப்போம். அத்தான் மிதுனனைக் கொண்டு இந்தக் கடிதத்தைப் படமெடுத்து உனக்கும் றொய்சனுக்கும் அனுப்புகிறேன். தயவுசெய்து வாசி.

போன மாதக் கடைசியில் அனுப்பிய பொதியில் பத்தியக் கறிக்கான சரக்குத்தூள் போட்ட தகரப் பேணி இருக்கிறது. அதன் அடியில் சின்னப் பையில் பன்னிரண்டு வெள்ளைக் குளிசைகள், உனக்கும் வெட்ட வேண்டி வந்தால் என்று நினைத்து "வெட்டின நோவுக்கு" என எழுதி வைத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றையும் விழுங்காதே. அது கோடீன் என்ற நோவு மருந்து. என் முழங்கால் ஒப்பரேஷனுக்குத் தந்ததில் மிஞ்சியது. எனக்கு அது எள்ளளவும் கேட்கவில்லை, நோவு அப்படியே இருந்தது. அதனால்தான் பயமில்லாத மருந்து என்று நினைத்தேன்.

அக்கா நதீஷாவுக்கும் உன்னைப்போல வெட்டித்தான் எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்துக்கு நோவு அடங்கவில்லை. அவள் கட்டிலில் புரண்டு அழுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை, என் குளிசையைக் கொடுத்தேன். பின்னேரமே எழுந்து நடந்தாள். நான் பெரிய டொக்ரர்போல நடமாடினேன், அடுத்த நாளே உன் பொதிக்குள்ளும் வைத்தேன்.

பிள்ளை நித்திரையாகவே கிடந்தான். பார்க்க வந்த அன்ரனெற் அன்ரி, "பொன்னான பிள்ளை, சத்தமே இல்லை" என்று சொன்னா. நானும் பெருமையாகத் தலையாட்டினேன். மூன்றாம் நாள் அவன் பால் குடிக்கவில்லை, உதடு நீலம் பாரித்திருந்தது. மிதுனன்தான் கண்டு அம்புலன்சைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில் தாய் என்ன மருந்து எடுத்தா என்று கேட்டபோது நான்தான் வாய் திறக்க வேண்டியிருந்தது.

டொக்ரர் ஏசவில்லை. பழைய மருந்து, சிலருடைய உடம்பு அதை மோர்பினாக மாற்றாது, நோவு குறையாது. சிலருடையது மளமளவென்று மாற்றிவிடும், அது பாலில் இறங்கிப் பிள்ளையின் மூச்சை அமத்தும் என்றார். ஆளைப் பார்த்து யார் எது என்று சொல்ல முடியாதாம். நீ என்னைப்போலவா, அக்காவைப்போலவா என்று பெற்ற எனக்கே தெரியாது.

இன்று பேரன் கண் திறந்துவிட்டான். இன்னும் ஆஸ்பத்திரியில்தான். நதீஷா "தேத்தண்ணி வேணுமோ அம்மா" என்று மட்டும் கேட்கிறாள்.

நோவு தாங்காவிட்டால் அங்குள்ள டொக்ரரிடம் கேள், பால் கொடுப்பதையும் சொல். என் குளிசையை ஏற்கெனவே போட்டிருந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இப்போதே ஆஸ்பத்திரிக்கு ஓடு. என் மானத்தைப் பார்க்காதே, அம்மா தந்தா என்று சொல்.

மாதா உங்கள் மூவரையும் காக்கட்டும். நீ என்னோடு பேசவேண்டாம் மகள். போனை எடுத்து அவன் பக்கத்தில் வை. அவன் அழுவது எனக்குக் கேட்டால் போதும்.

இப்படிக்கு,
உன் அம்மா