அப்பா வீட்டில் இருக்கும் நாள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். என் முட்டிவலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்பாவின் கடை எப்படி ஓடுகிறது என்று கேட்டிருந்தாய். அது பெரிய கதை.

அப்பாவின் பக்திக் கட்சி இந்த முறை நகரசபையைப் பிடித்துவிட்டது உனக்குத் தெரியும். வாராவாரம் வழிபாட்டு நாளன்று கடைகள் எல்லாம் அடைத்திருக்க வேண்டும் என்று அவர்கள் சுவருக்குச் சுவர் எழுதியது நம் கடைப் பெயின்ட்டில்தான், அப்பா ஓசியில் கொடுத்தது. கொடிக்குத் துணி ஜவுளிக்கடைக்காரர் கொடுத்தார், ஊர்வலத்துக்கு வேன் நகைக்கடைக்காரர் கொடுத்தார். ஜெயித்த கையோடு கட்சி எழுதியதைச் செய்துவிட்டது. கடைத்தெருவே வெலவெலத்துப் போயிற்று. நகைக்கடைக்காரர் நம் வீட்டுக்கு வந்து தலையில் கைவைத்துக்கொண்டு, "சொல்லிக்கிட்டே இருப்பாங்கன்னுதானே ஆதரிச்சோம், செஞ்சிடுவாங்கன்னு யார் கண்டா" என்று புலம்பினார். எனக்குச் சிரிப்பு தாங்காமல் சமையலறைக்குள் போய்விட்டேன். அந்தக் கட்சிக்கு நான் ஒரு நாளும் ஓட்டுப் போட்டதில்லை என்பது உன்னோடு இருக்கட்டும்.

முதல் வாரம் அப்பா பட்ட பாட்டை நீ பார்த்திருக்க வேண்டும். குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு, எங்கே போவது என்று தெரியாமல் கூடத்தில் நின்றார். பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வீட்டில் உள்ள கீல் எல்லாவற்றையும் முறுக்கினார், இப்போது குளியலறைக் கதவைத் திறக்க இரண்டு ஆள் வேண்டும். அது முடிந்து என் டப்பாக்களைத் திறந்து பார்த்து, பருப்பு ஸ்டாக் குறைவாக இருக்கிறது என்று எனக்கே சொன்னார். அடுத்த வாரம் கொஞ்சம் அடங்கி வெங்காயம் உரித்துத் தந்தார். சாயங்காலம் இருவரும் பூங்கா வரை நடந்தோம், பெஞ்சில் உட்கார்ந்து நான் கண்ணாடியைத் துடைத்தபோது, "இது எப்போலேருந்து போடறே" என்று கேட்டார். உன் கல்யாணத்துக்கு முன்னாலேயே போட்டது. கோபம் வரவில்லை, அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அன்றிலிருந்து வாரம் முழுக்க அந்த ஒரு நாளுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன், இந்த வயதில் சொல்ல வெட்கம்தான்.

அதற்குள் வியாபாரிகள் திரண்டு போய்க் கட்சித் தலைவரைப் பார்த்தார்கள். சட்டத்தை எடுக்க முடியாது, அத்தியாவசியமான கடை என்றால் திறந்துகொள்ளலாம் என்றாராம். அவ்வளவுதான், தெருவில் அத்தியாவசியம் இல்லாத கடையே இல்லை என்றாகிவிட்டது. மானத்தை மறைப்பது அத்தியாவசியம் என்றாராம் ஜவுளிக்கடைக்காரர். நகைக்கடைக்காரர் என்ன சொல்லி அனுமதி வாங்கினார் என்று இன்னும் யாருக்கும் புரியவில்லை. நம்முடையது பெயின்ட்டோடு தண்ணீர்க் குழாயும் விற்கிற கடை, கேட்காமலே கொடுத்துவிட்டார்கள். திறக்காதீர்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது, பிழைப்பாயிற்றே, எப்படிச் சொல்வேன்.

அடுத்த வழிபாட்டு நாள் காலையில் அப்பா குளித்துச் சட்டை மாட்டினார். சரி, பழைய கதைதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு டிபன் பாக்ஸைக் கழுவ எடுத்தேன். நகைக்கடைக்காரர் போன் செய்தார். தெருவே திறந்திருக்கிறது, உங்கள் கடை மட்டும் பூட்டிக் கிடக்கிறது, ஆட்கள் வந்து திரும்பிப் போகிறார்கள் என்று அவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "நம்ம கட்சி போட்ட சட்டத்தை நாமளே மதிக்கலேன்னா எப்படி" என்று கறாராகச் சொல்லி வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "வெயில் ஏறுறதுக்குள்ள நடந்துட்டு வந்துடலாம், செருப்பைப் போடு" என்றார். இப்போது ஊரிலேயே பெரிய பக்திமான் உன் அப்பாதான். கட்சியில் ஏதோ பதவி தரப்போவதாகவும் பேச்சு. அவர் கடைசியாகக் கடவுளைக் கூப்பிட்டது உன் பரீட்சை முடிவு வந்த அன்று என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

குழந்தைக்குச் சளி என்றாயே, ஈரத்தலையோடு விடாதே. மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல், அவரும் வேலை வேலை என்று ஓடுகிறவர்தான். மூவரும் நோய் நொடி இல்லாமல் மனம் நிறைந்து வாழ வேண்டும், அம்மாவுக்கு வேறு ஆசை இல்லை. ஒன்றை மட்டும் மறக்காதே, இனிமேல் அந்த நாளில் காலையில் போன் செய்யாதே. நாங்கள் வீட்டில் இருக்க மாட்டோம்.

உன் வரவை எப்போதும் எதிர்பார்க்கும்
அம்மா