இடப்பக்கத்துச் சீட்

8 ஜூன் 1969, ஞாயிறு

கத்திரி போயும் வெயில் போகவில்லை. காலை ஆறரைக்கே பனியன் நனைந்துவிட்டது. வண்டிக்கு ஆயில் மாற்றினேன். ஆற்றுப் பாலம் வரை ஒரு ஓட்டு ஓட்டி வந்து, இன்ஜின் சூடு ஆறுவதற்குள் அடி நட்டைக் கழற்றிவிட வேண்டும். அப்போதுதான் கசடு முழுக்க இறங்கும். ஆறவிட்டுக் கழற்றுகிறவன் சோம்பேறி.

இந்த வேலையை வெளியில் கொடுப்பதற்கில்லை. எங்கள் பீங்கான் தொழிற்சாலைக்குச் சூளை அமைக்க வந்த வெள்ளைக்கார இன்ஜினீயர் ஊருக்குப் போகும்போது எனக்கு விற்றுவிட்டுப் போன ரேஸ் வண்டி. ரெண்டே சீட். தலைக்கு மேல் கான்வாஸ். ஊருக்குள் பெயர் தவளை வண்டி. இங்கிருக்கும் மெக்கானிக்குகளின் ஸ்பானர் எதுவும் இதன் நட்டில் உட்காராது. உட்காராததைச் சுத்தியலால் உட்கார வைப்பார்கள். ஆகவே பன்னிரண்டு வருஷமாக நானேதான்.

புதன்கிழமை பாண்டி போக வேண்டும். கமலாவுக்குக் கர்ப்பப்பையில் புற்று. இடுப்பெலும்பு வரை வந்துவிட்டது என்கிறார் டாக்டர். வாரம் ஒரு தடவை கரண்டு, அதாவது கதிர், வைக்க வேண்டும், ஆறு வாரம். படுக்கை காலி இல்லை, வந்து வந்து போங்கள் என்றுவிட்டார்கள்.

இதை எழுதியிருக்க வேண்டாம்.

செய்ய வேண்டியவை:
முன் சக்கரம் ரெண்டுக்கும் கிரீஸ்.
ஷாக் அப்சார்பர் எண்ணெய்.
டயர் காற்று. 24 வேண்டாம், 18 போதும். மெத்தென்று போகும்.
பிளக் நாலு.
க. உட்காரும் இடத்துக்கு இலவம்பஞ்சுத் திண்டு.

க.வின் தங்கை சரோஜா பெண்ணாடத்திலிருந்து சமைத்துப் போட வந்திருக்கிறாள். "ஏன் மாமா, ஒரு டாக்சி வச்சிக்கிட்டுப் போனா என்னா? பின்னாடி அக்கா காலை நீட்டிக்கிட்டு வரும், நீங்க பக்கத்துல குந்திக்கிட்டுப் போவலாம்" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் க. முந்திக்கொண்டாள். "எனக்கு இவரு வண்டிதான். வேற எதுலயும் வரமாட்டேன்."

சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் இந்த வண்டியைப் பற்றி அவள் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. புடவை பறக்குது, தலையெல்லாம் புழுதி, பாக்கறவங்க சிரிக்கிறாங்க என்று லேசில் ஏற மாட்டாள்.

10 ஜூன், செவ்வாய்

புழுக்கம். அரை நாள் லீவு. பஸ்ஸில் மங்கலம்பேட்டை. பழைய சாமான் கடை பாயிடம் இந்த வண்டிக்குப் பொருந்தும் பிளக் ஒரு டப்பா இருக்கிறது, எந்தக் காலத்துச் சரக்கோ. ஆறு எடுத்து விரலால் சுண்டிச் சுண்டிக் காதோரம் வைத்துக் கேட்டு நாலைப் பொறுக்கினேன்.

"என்னா சார், பிளக்கைப் போயி ஊறுகா ஜாடி மாதிரி தட்டிப் பாக்குறீங்க! தீப்பொறி வருதான்னு பாக்க வேணாமா?"

"பிளக்குல பாதி பீங்கான் பாய். பீங்கான்னா தட்டினா சொல்லிடும்."

என் வேலையே அதுதானே. சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு பாண்டத்தையும் தட்டுவேன். ணங் என்றால் லாரிக்கு. டொக் என்றால் உள்ளே விரிசல், குப்பைக்கு. கண்ணுக்குத் தெரியாத விரிசலும் காதுக்குத் தப்பாது. அதுவும் ஒரே காது. இடது காதை மண் அரைக்கிற மில் தின்றுவிட்டது, பதினெட்டு வருஷம் அதன் பக்கத்தில் நின்றதில். அந்தப் பக்கம் வெடி வெடித்தாலும் தெரியாது. வண்டியில் க. இடப்பக்கம்தானே உட்காருவாள், ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தோளைத் தட்டுவாள், நான் கழுத்தைத் திருப்ப வேண்டும்.

சாயங்காலம் கிரீஸ், எண்ணெய், காற்று எல்லாம் முடிந்தது. திண்டு சரோஜா தைத்துவிட்டாள்.

11 ஜூன், புதன்

போய் வந்தாயிற்று. காலை 5.15க்குக் கிளம்பினோம். நெய்வேலி, வடலூர், கடலூர் வழி. வண்டி தண்ணீரில் போவது போலப் போயிற்று. என் கைவேலை. க. புழுதிக்காக முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையை வெளிப்பக்கம் சாய்த்தபடியே வந்தாள். குறிஞ்சிப்பாடி ரோட்டில் "பாத்தியா, ஒரு சத்தம் இல்ல!" என்றேன். தலையாட்டினாள்.

ஆஸ்பத்திரியில் உட்காருவதற்கு ரப்பர் வளையம் ஒன்று இரவல் தந்தார்கள். காற்றடித்துக்கொள்ள வேண்டும், முடிந்ததும் திருப்பித் தர வேண்டும்.

வீட்டுக்கு வந்து கேட்டேன், எப்படி இருந்தது என்று. "தொட்டில்ல போட்டு ஆட்டின மாதிரி இருந்துது" என்றாள். சரோஜாவுக்குக் கேட்கும்படி இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னாள்.

22 ஜூன், ஞாயிறு

மேகம். மழை இல்லை. ரெண்டு தடவை போய் வந்தாயிற்று. டாப்பெட் பார்த்தேன், வால்வு இடைவெளியைச் சத்தம் கேட்டுச் சரிசெய்கிற வேலை. க. வாசல் கதவோரம் நாற்காலியில், ரப்பர் வளையத்தின் மேல். இந்த ஒரு வேலைக்கு மட்டும் எனக்கு அவள் வேண்டும். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜினில் ஊன்றிப் பிடியை வலது காதில் வைத்து நான் ஒரு பக்கம் கேட்பேன். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது ஒற்றைக் காதுக்குப் பிடிபடாது. அவள் சொல்வாள். அவள் வைத்த பெயர்கள் உண்டு. அரிசி புடைக்கிற சத்தம். கடுகு வெடிக்கிற சத்தம். தையல் மிஷின் சத்தம். தையல் மிஷின் வந்தால் நிறுத்திவிடலாம், அதுதான் சரி.

"முன்பக்கம் ரெண்டாவதுல இன்னும் கடுகு வெடிக்குது."

"இப்போ?"

"இப்போ தையல் மிஷினு. எனக்கு ரவிக்கை தைக்கலாம் போல இருக்குது."

சிரித்தாள். இளைத்த முகத்தில் பல் பெரிதாகத் தெரிந்தது. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

சரோஜா பழமலைநாதர் கோயிலுக்குப் போய்த் திருநீறு கொண்டுவந்து அக்கா நெற்றியில் பூசினாள். மீதியை ஸ்டியரிங்கிலும் பூசிவிட்டாள். துடைக்கவில்லை.

25 ஜூன், புதன்

மானம் போயிற்று. வடலூர் தாண்டியதும் வண்டி விக்கல் எடுக்க ஆரம்பித்து, ரயில்வே கேட்டை நெருங்கும்போது மூன்று சிலிண்டரில் நொண்டியது. கேட் வேறு சாத்தியிருந்தது. பானட்டைத் திறந்து ஒவ்வொரு பிளக்காகச் சோதித்ததில் மூன்றாவது செத்துக் கிடந்தது. கழற்றித் தட்டினேன். டொக். மயிரிழை விரிசல். பாய் கடை வாசலில் பஸ் இரைச்சலில் கேட்டுப் பொறுக்கியது. இத்தனை வருஷம் பாண்டம் தட்டினவன் ஒரு பிளக்கில் ஏமாந்தேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

நல்லவேளை, பழைய பிளக் டிக்கியில் இருந்தது. மாற்ற இருபது நிமிஷம். வெள்ளரிப்பிஞ்சு விற்கிற அம்மா ஒருத்தி க. பக்கம் கதவோரமாக நின்றுகொண்டிருந்தாள். நான் நிமிர்ந்து பார்த்தபோது ரெண்டு பேரும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பேரம் போல. பெண்களுக்கு எங்கே நிறுத்தினாலும் ஒரு சிநேகிதம் கிடைத்துவிடுகிறது. ஆறு பிஞ்சு கொடுத்துவிட்டுக் காசு வேண்டாம் என்றாளாம்.

மறுபடி கிளம்பியதும் "மன்னிச்சிக்க" என்றேன். தோளைத் தட்டி, "நல்லா போவுது, ஓட்டுங்க" என்றாள்.

16 ஜூலை, புதன்

ஆறாவது. கடைசி. டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். இனிமேல் கூட்டிவர வேண்டாம் என்றார். அலைச்சல்தான் மிச்சம் என்றார். "வலிக்குது, வலிக்குதுன்னு சொல்வாங்களே, வீட்டில் எப்படிச் சமாளிக்கிறீங்க?" என்று கேட்டார். அவள் அப்படியெல்லாம் சொல்வதில்லை, வண்டியில்கூட ஒரு முனகல் கிடையாது என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். டாக்டர்கள் எல்லாரையும் ஒரே கணக்கில் போட்டுவிடுகிறார்கள்.

க. "என்னா சொன்னாரு?" என்றாள். நல்ல முன்னேற்றம், இனி வரத் தேவையில்லை என்றார் என்றேன். "அப்போ வண்டிக்கும் லீவா" என்றாள். அவள் முகம் ஏன் வாடியது என்று எனக்குப் புரியவில்லை.

21 ஜூலை, திங்கள்

தூறல். நிலாவில் ஆள் இறங்கிவிட்டானாம். ரேடியோப் பெட்டியை க. கட்டிலருகே கொண்டுபோய் வைத்தேன். முழுக்கக் கேட்டாள்.

"அங்க ரோடு எப்பிடியாம்?"

"குண்டும் குழியுமா இருக்குதாம்."

"அப்போ நம்ம வடலூரு ரோடுதான்."

கஞ்சி ரெண்டு ஸ்பூன். மருந்து தீர்ந்துவிட்டது. வண்டிக்கு உறை போட்டேன்.

5 ஆகஸ்ட், செவ்வாய்

கமலா போய்விட்டாள். காலை 9.40. நான் இந்தப் பக்கம், சரோஜா அந்தப் பக்கம். ஏதோ சொன்னாள். குனிந்து வலது காதை வைத்தேன். அதற்குள் முடிந்துவிட்டது.

24 ஆகஸ்ட், ஞாயிறு

காரியம் முடிந்து நாலு நாள். சரோஜா நேற்று ஊருக்குப் போய்விட்டாள். போகும்போது "வேளாவேளைக்குச் சாப்புடுங்க மாமா" என்று ரெண்டு தடவை சொன்னாள்.

உறையை எடுத்தேன். எலி இலவம்பஞ்சுத் திண்டைக் கடித்திருக்கிறது. பேட்டரி தண்ணீர் விட்டேன். ஸ்டார்ட் செய்தேன். டாப்பெட்டில் ஒரு சத்தம். கடுகா, அரிசியா தெரியவில்லை. வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தேன். வெட்கம். நாற்காலி உள்ளேதான் இருக்கிறது.

ரப்பர் வளையம் இன்னும் இங்கேயே கிடக்கிறது. திருப்பிக் கொடுக்க வேண்டும். வேறு யாருக்காவது வேண்டியிருக்கும்.

27 ஆகஸ்ட், புதன்

வளையத்தைக் கொடுத்துவிட்டேன். கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

திரும்பும்போது அதே கேட், சாத்தியிருந்தது. கூட்ஸ். அந்த வெள்ளரிப்பிஞ்சு அம்மா கூடையோடு ஓடிவந்து, காலி சீட்டைப் பார்த்து நின்றாள்.

"அம்மா வரலியா சார்?"

சொன்னேன். கூடையை இறக்கி வைத்து வலப்பக்கமாகச் சுற்றி வந்தாள்.

"போவட்டும் சார். அந்த வலியோட எத்தினி நாளு இருப்பாங்க. அன்னிக்கு நீங்க மூடியைத் தொறந்து வச்சிட்டுக் குனிஞ்சிருந்தீங்க இல்ல, நான்தான் கைய புடிச்சிக்கிட்டேன். என் கை செவந்துபோச்சு. அப்பிடி முனகுனாங்க."

"முனகினாளா? நீங்க ரெண்டு பேரும் சிரிச்சிக்கிட்டு இருந்தீங்களே."

"நீங்க திரும்பிப் பாத்தீங்க. அதுக்குத்தான் சிரிச்சாங்க. என்னையும் சிரிக்கச் சொன்னாங்க."

அவளே சொன்னாள்.

"இவ்ளோ வலியோட இந்தக் குட்டை வண்டில ஏம்மா வரீங்க, தூக்கித் தூக்கிப் போடுதே, ஒரு டாக்சி புடிக்கக் கூடாதான்னு கேட்டேன். அதுக்குச் சொன்னாங்க, 'வூட்டுல தங்கச்சி இருக்கறா, பல்லக் கடிச்சிக்கிட்டுக் கெடக்கறேன். ஆஸ்பத்திரில நாலு பேரு பாப்பாங்க. டாக்சின்னா இவரு பக்கத்துல குந்திக்கிட்டு மூஞ்சியவே பாத்துக்கிட்டு வருவாரு. இந்த வண்டின்னா ரோட்டப் பாப்பாரு. இந்தப் பக்கம் அவருக்குக் காதும் கேக்காது. வாரத்துல இந்த ஒரு நாளுதான் வாயத் தொறந்து அழுவ முடியுது'ன்னாங்க."

பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்து, இறங்கி வந்து கதவைத் தட்டினான். கேட் திறந்து எவ்வளவு நேரமாயிற்றோ.

வடலூர் வரை இருபது மைல் வேகத்தில் வந்தேன். ஒவ்வொரு குழியையும் எண்ணினால் தாங்காது, எண்ணவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் தெரிந்தது. 18 பவுண்ட் காற்று, புது எண்ணெய், திண்டு, ஒன்றும் பயனில்லை. வண்டி தூக்கித் தூக்கித்தான் போடுகிறது. எப்போதுமே அப்படித்தான் போட்டிருக்கிறது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தேன், எனக்குத் தெரியவில்லை.

31 ஆகஸ்ட், ஞாயிறு

நேற்று நல்ல மழை, இன்று வெளுத்திருக்கிறது. தொழிற்சாலையில் வியாழன், வெள்ளி ரெண்டு நாளும் நல்ல பாண்டத்தையெல்லாம் குப்பைப் பக்கம் ஒதுக்கினேனாம். மேஸ்திரி நாலு நாள் லீவு எடுத்துக்கச் சொல்லிவிட்டார்.

ஆயில் மாற்றினேன். ஆறிய பிறகுதான் கழற்றினேன்.
டயர் காற்று 24, பழையபடி.
கிரீஸ்.
பிளக் நாலையும் கழற்றித் துடைத்தேன். தட்டிப் பார்க்கவில்லை.
மூன்று மாட்டியாயிற்று, நாலாவது கீழே விழுந்து எங்கோ உருண்டுவிட்டது. மூன்றிலேயே ஸ்டார்ட் செய்தேன். நொண்டியபடி ஓடியது.

அப்படியே ஓடவிட்டு, சுற்றிப் போய் இடப்பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தேன். இந்த வண்டியில் அங்கே நான் உட்கார்ந்ததே கிடையாது. கால் நீட்ட இடமில்லை, கியர் பெட்டிச் சூடு தொடையில் அடிக்கிறது, முதுகெலும்பு வரை நடுக்கம். நிறுத்தி வைத்திருக்கும்போதே இவ்வளவு.

அந்த இடத்தில் என் கேட்கிற காது ஓட்டுகிறவன் பக்கம் வருகிறது. அவளுக்கு ரெண்டு காதும் நல்ல காது. இன்ஜினின் கடுகு வெடிப்பது கேட்டிருக்கும். நான் பாட்டு முணுமுணுத்தபடி ஓட்டியது கேட்டிருக்கும். பாத்தியா, ஒரு சத்தம் இல்ல. வழியெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டு போனேன், ஆறு வாரமும்.

யாருமில்லை என்று வாயைத் திறந்தேன். இன்ஜின் ஓடுகிறது, பக்கத்து வீட்டுக்குக் கேட்காது.

நாலாவது பிளக் வண்டிக்கு அடியில்தான் இருக்க வேண்டும். தேட வேண்டும்.