இரண்டு முறை விழுந்த சர்க்கரை

பிரஸ்ஸல்ஸ், விஸ்கான்சின்
செப்டம்பர் 8

அன்புள்ள நோர்பெர்ட்டுக்கு,

அன்புள்ள என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். அந்தச் சொல்லை அடித்துவிடவும் மனமில்லை. நீயும் ஜோலீனும் அங்கே நலமாகத்தான் இருப்பீர்கள்.

உன் அண்ணனுக்கு வலது கண்ணில் கட்டுப் போட்டிருக்கிறது. கெர்மிஸ் அறுவடைத் திருவிழாவுக்கு அவரும் நீயுமாகக் காய்ச்சிப் பாட்டிலில் அடைத்து வைத்த பீர் எப்படி இருக்கிறதென்று பார்க்கப் புதன்கிழமை மதியம் நிலவறைக்குப் போனார். பெட்டியைத் தூக்கியதும் ஒரு பாட்டில் வெடித்துவிட்டது. கண்ணாடிச் சில்லை எடுத்துவிட்டார்கள். பார்வை திரும்புமா என்று மூன்று வாரம் கழித்துத்தான் சொல்வார்களாம். திரும்பாவிட்டால் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற வேலை அவ்வளவுதான்.

நேற்று ஜோலீன் போனில் அழுதாள். "அக்கா, பீர் அடைச்சுட்டுத் திரும்பின அன்னிக்குக் கார்லயே இவரு சொன்னாரு, அண்ணன் பீர்ல சர்க்கரைப் பாகு ஊத்தினது தெரியாம நானும் ஊத்திட்டேன் போலன்னு. உடனே சொல்லுங்கன்னேன். அண்ணன் கத்துவாரு, விடுன்னுட்டாரு" என்றாள்.

கத்துவாராமே! பதினோரு நாள், நோர்பெர்ட். துணியைச் சுற்றி மூடிகளைத் திறந்து உள்ளிருக்கும் காற்றை வெளியே விடுங்கள் என்று ஒரு போன் போட உனக்கு விரல் இல்லையா? நுரை பொங்க வேண்டுமென்று ஊரில் எல்லாரையும்விடக் கூடுதலாகச் சர்க்கரை போடுகிற வீடு நம் வீடு. அதில் இரண்டு பங்கு விழுந்தால் பாட்டில் தாங்காது என்று உனக்கா தெரியாது? திருவிழாவில் பாராட்டு வாங்க மட்டும் முதல் ஆளாய் நிற்பாய்.

அவரோ, "நான்தான் தப்பா அளந்திருப்பேன் லூசில், வயசாயிடுச்சு. நல்லவேளை, அந்தப் பெட்டிய தம்பி தூக்கல" என்கிறார். ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்கிறார். நான் அவருக்குச் சூப் ஊட்டுகிறேன்.

நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. உனக்காக இல்லை. நீ சொன்னால் வீடு அதிரக் கத்துவார், அப்புறம் சாப்பிட்டாயா என்று கேட்பார். நான் சொன்னால் கத்தக்கூட மாட்டார்.

அடுத்த சனிக்கிழமை வந்துவிடு. டுலூத்திலிருந்து ஆறு மணி நேரம், நிதானமாக ஓட்டு. ஆண்டவர் உனக்குத் துணையிருக்கட்டும். வந்ததும் அவருக்கு இடப்பக்கம் உட்கார். அந்தப் பக்கம்தான் உன் முகம் அவருக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன் அண்ணி
லூசில்