பீடியை விட்ட மச்சானுக்கு

மச்சான்,

இன்று மாலை பொன்னேரியிலிருந்து ஊருக்குத் திரும்பும் பேருந்தில் என் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். அவர் சட்டைப்பையிலிருந்து பீடி வாசனை வந்தது. கொளுத்திய புகையின் நாற்றம் அல்ல. புதுக் கட்டைப் பிரித்ததும் வருமே, காய்ந்த இலையும் தூளும் கலந்த அந்த வாசனை. முன்னால் இருக்கைகள் காலியாகத்தான் இருந்தன. நான் எழுந்து போகவில்லை. பீடியை விட்டு இத்தனை வருடம் ஆனவன், பழவேற்காடு வரும்வரை அந்தச் சட்டைப்பைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தேன். வாயில் எச்சில் ஊறியது. இறங்கியதும் உன்னிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. கேட்க நீ இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நாம் இருவரும் பீடி குடிக்கத் தொடங்கியது டச்சுக் கல்லறையின் மதிலுக்குப் பின்னால். அங்கே ஊர்ப் பெரியவர்கள் யாரும் வரமாட்டார்கள். வாசலில் ஒல்லாந்தர் செதுக்கி வைத்துவிட்டுப் போன எலும்புக்கூடுகளைக் காட்டி, "இவனும் நம்ம மாதிரி பீடி இஸ்த்தவன்தான்டா, எப்டி இளைச்சிக் கீறான் பாரு" என்றாய் ஒருநாள். நான் புரையேறும்வரை சிரித்தேன். அப்போது நாம் வெறும் கூட்டாளிகள். பிறகு நீ என் தங்கையைக் கட்டிக்கொண்டாய். விளையாட்டாகக் கூப்பிட்ட மச்சான் என்ற சொல் உறவாகிவிட்டது. நீ கோட்டைக்குப்பத்தில் உன் அப்பாவின் படகில் ஏறினாய். நான் வேலை தேடி மீஞ்சூர்ப் பக்கம் அலைந்துகொண்டிருந்தேன்.

உன் கல்யாணத்துக்கு அடுத்த கார்த்திகையில் இருவரும் சேர்ந்து சபரிமலைக்கு மாலை போட்டோமே. காலையில் குளியல், கறுப்பு வேட்டி, ஒருவேளைச் சாப்பாடு. பீடியைத் தொடவில்லை. நீ கடலுக்குப் போன நாட்களிலும் தொடவில்லை. படகில் மற்றவர்கள் குடிக்கும்போது நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பாயாம். என் தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. நாம் இருமுடி கட்டிக் கிளம்பிய அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணா, இந்தாளு வருசம் பூரா மாலையோடவே இருக்கணும்னு சாமிகிட்ட சொல்லிட்டு வாண்ணா" என்றாள்.

சொல்லிவிட்டுத்தான் வந்தேன். திரும்பி வந்து ஊர்க் கோயிலில் மாலையைக் கழற்றினோம். வீட்டுக்குப் போகும் வழியிலேயே நீ பெட்டிக்கடையில் நின்றுவிட்டாய். முதல் இழுப்பில் உன் கண்கள் தாமாக மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். எனக்கும் ஒன்றை நீட்டினாய். "அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த அப்புறம் வரவேயில்லை.

ஊரில் என்னைப் பெரிய வைராக்கியக்காரன் என்றார்கள். அது உண்மையில்லை, மச்சான். அந்த வாரமே எனக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. உள்ளே தீப்பிடிக்கும் சரக்கு இருந்ததால் வாசலிலேயே தடவிப் பார்த்து பீடி, தீப்பெட்டி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். எட்டு மணி நேரம் உள்ளே இருந்தால் எட்டு மணி நேரமும் கிடையாது. கூட வேலை செய்கிறவர்களிடமும் கிடையாது. எனக்கு வாசலில் ஆள் நின்றான். உனக்கு யார் நின்றார்கள்? விடியலில் முகத்துவாரத்தைத் தாண்டும்போது குளிர்காற்று முகத்தில் அடிக்கும். வலையை விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். இந்தப் பக்கம் ஒருவன் கொளுத்துவான், அந்தப் பக்கம் ஒருவன் நீட்டுவான். "கடல்ல பீடி இல்லாம குந்திக்கினு கீறது இன்னானு உனுக்குத் தெரியாதுடா" என்று நீ சொன்னது சரிதான். எனக்குத் தெரியாது.

ஆனால் நீ முயலவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கிராம்பை வாயில் போட்டு வாய் வெந்துபோனாய். சுக்கு, பனங்கற்கண்டு, புளிப்பு மிட்டாய் எல்லாம் மடியில் கட்டிக்கொண்டு படகேறினாய். அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றி அடித்துச் சத்தியம் செய்தாய். ஒருமுறை பீடி குடிக்காத ஒரு கிழவரின் படகுக்கு மாறினாய். அவர் புகையிலை போடுகிறவர், உனக்கு அந்தப் பழக்கமும் சேர்ந்துகொண்டது. அரசு ஆஸ்பத்திரியில் மெல்லுவதற்கு ஒரு மருந்து கொடுத்தார்கள். அதை மென்றுகொண்டே ஒரு மாதம் ஓட்டினாய். அது தீர்ந்து, அடுத்ததை வாங்கப் போக வேண்டிய நாளில் கடலில் நல்ல மீன்பாடு, வலை நிறைந்த நாள்; ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை. அன்று சாயங்காலம் கையில் பீடி.

ஒவ்வொரு முறையும் யாராவது வந்து அதையேதான் சொல்வார்கள். மனசு வைத்தால் முடியும். உன் அப்பா சொன்னார், என் அம்மா சொன்னாள், நர்ஸ் சொன்னாள். ஒருநாள் நீ படகில் சாய்ந்துகொண்டு என்னிடம் சொன்னாய்: "நான் மனசு வெச்சிக்கினுதான்டா கீறேன் மச்சான். அது என்னிய உடமாட்டேங்குது." நீ அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பேன். உன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அந்த ஐப்பசி. ஏரியில் மீன்பிடிக்க உங்கள் படகுக்கு முறை வந்த நாள், வலை கட்டியிருந்தீர்கள். வலையை இழுக்கும்போது பாதியில் கயிற்றை விட்டுவிட்டு நீ படகுக்குள் உட்கார்ந்துவிட்டாயாம். உன்னோடு படகேறும் ஏழுமலைதான் எனக்குப் போன் செய்தான். "மூச்சு வாங்கறாருண்ணா, உதடு நீலமா கீது, இன்னா பண்றதுனு தெர்ல" என்றான். பொன்னேரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நுரையீரலில் பாதி போய்விட்டது என்றார். நீ கேட்ட ஒரே கேள்வி இதுதான்.

"இப்ப உட்டா, போனது திரும்பி வருமா டாக்டர்?"

"வராதுப்பா. இருக்கறதாவது நிக்கும்."

 உன் வீட்டு வாசலில் இறங்கியதும், "மச்சான், உன் போன எப்பவும் ஆன்லயே வெச்சிரு" என்றாய். என்ன ஏது என்று நான் கேட்கவில்லை.

அடுத்த நாள் நான் வேலைக்குப் போகும் ரயிலில் இருந்தபோது முதல் அழைப்பு வந்தது. "இன்னாடா, இன்னிக்கு உன் வூட்ல இன்னா கொழம்பு?" என்று கேட்டாய். சொன்னேன். புளி எவ்வளவு, மாங்காய் போட்டார்களா, இறாலா மீனா என்று குடைந்தாய். குரலில் ஒரு நடுக்கம் இருந்தது. மெதுவாக அது அடங்கியது. "சரி, வெச்சிர்றேன்" என்று வைத்துவிட்டாய். மூன்றாவது அழைப்பில்தான் எனக்குப் புரிந்தது. ஆசை வந்து நிற்கும்போதெல்லாம் நீ எனக்குப் போன் செய்கிறாய். பீடி என்ற பேச்சையே எடுக்கமாட்டாய். சினிமா, ஏலத்தில் மீன் விலை, பூநாரைகள் இந்த வருடம் சீக்கிரம் வந்துவிட்டன என்று எதையாவது பேசுவாய். சோறு ஒரு கொதி வரும் நேரம்தான். அதற்குள் அது உன்னை விட்டுப் போய்விடும். வேலை நேரத்தில் போன் எடுக்கக்கூடாது என்பதால் மேற்பார்வையாளரிடம் போய், வீட்டில் உடம்பு சரியில்லாத ஆள் இருக்கிறார் என்று அனுமதி கேட்டு வைத்திருந்தேன். பொய் இல்லையே.

நடுவே விழவும் செய்தாய். உன் சித்தப்பாவின் சாவில், பாடைக்குப் பக்கத்தில் யாரோ கையில் திணித்ததைக் குடித்துவிட்டு எனக்குப் போன் செய்து, "பேஜாராகிப் போச்சு மச்சான், குட்ச்சிட்டேன்" என்றாய். "சரி, இன்னிக்கு இன்னா கொழம்பு?" என்றேன். நீ வாய்விட்டுச் சிரித்தாய். அதற்குப் பிறகு நீ குடிக்கவில்லை. பொங்கல் வந்தது, அடுத்த பொங்கலும் வந்தது, நீ குடிக்கவில்லை. அழைப்புகள் குறைந்தன. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய்: "நான் உட்டுட்டேன்."

விட்டதற்கு ஒரு கூலி கிடைக்கும் என்று நான் நம்பியிருந்தேன். கிடைக்கவில்லை. டாக்டர் சொன்னபடி, மிச்சமிருந்த நுரையீரலாவது அப்படியே நிலைக்கவும் இல்லை. ஒவ்வொரு மழைக்கும் ஒரு சளி, ஒவ்வொரு சளிக்கும் கொஞ்சம் மூச்சு போனது. கடலுக்குப் போவது நின்றது. ஏரிக்கரைவரை நடப்பது நின்றது. கடைசியில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர் வந்து நின்றது.

ஒரு மத்தியானம் நான் உன்னோடு தனியாக இருந்தேன். தங்கை மீன் விற்கப் போயிருந்தாள். நீ மூக்கிலிருந்த குழாயைக் கழற்றிவிட்டு, "மச்சான், ஒரு பீடி" என்றாய்.

நான் சிலிண்டரைப் பார்த்தேன்.

"தெரியும்டா. கொளுத்தமாட்டேன். சொம்மா மோந்து பாக்கறதுக்கு."

இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தர யாரும் இல்லை. மறுக்கவும் மனம் வரவில்லை, வாங்கித்தரவும் கால் வரவில்லை. கடைசியில் போனேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு பீடிக்கட்டை எடுத்துக் கொடுத்தார். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தபோது நெஞ்சில் ஏதோ சூடாக இருப்பதுபோல் இருந்தது. உன் வீட்டுக்கு முன்னால் வேப்பமரத்தடியில் நின்றேன். ஒன்றே ஒன்று குடித்துவிட்டு உள்ளே போனால் யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. தீப்பெட்டி இல்லாததால்தான் உள்ளே வந்தேன்.

நீ கட்டை வாங்கி மூக்கில் வைத்தாய். இழுக்கத்தான் உன்னிடம் மூச்சு இல்லை. பிறகு என் முகத்தைப் பார்த்தாய். எப்படித்தான் கண்டுபிடித்தாயோ.

"உனுக்கு வந்துட்ச்சா?"

நான் தலையாட்டினேன்.

நீ கட்டைப் பிரித்தாய். ஒவ்வொரு பீடியாக எடுத்து விரல்களுக்கு நடுவில் வைத்து நசுக்கினாய். விரலில் வலுவே இல்லை. ஒன்றை நசுக்க ஒரு யுகம் ஆனது. "நான் செய்றேன்டா" என்று கையை நீட்டினேன். தரவில்லை. சாப்பாட்டுத் தட்டில் இலையும் தூளுமாகக் கொட்டிக்கொண்டே, மூச்சுக்கு நடுவில் துண்டுதுண்டாகக் கேட்டாய்: "இன்னிக்கு... உன் வூட்ல... இன்னா கொழம்பு?"

சொன்னேன், மச்சான். புளி எவ்வளவு என்றும் சொன்னேன். மாங்காய் போட்டதையும் சொன்னேன். என் குரல்தான் நடுங்கியது. கட்டு தீரும்வரை நீ கேட்டுக்கொண்டே இருந்தாய்.

அதற்கடுத்து வந்த பொங்கலுக்கு முன்பே நீ போய்விட்டாய். தங்கை கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது. சுடுகாட்டில் உன்னைத் தூக்கி வந்தவர்கள் ஓரமாக நின்று கொளுத்தினார்கள். ஏழுமலை பழக்கதோஷத்தில் என்னிடமும் ஒன்றை நீட்டினான். பிறகு நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டான். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. உன்னைப் போலத்தான் அவர்களும் குளிரிலும் காற்றிலும் குந்தியிருக்கிறவர்கள்.

ஒரே மதிலுக்குப் பின்னால் ஒரே நாளில் தொடங்கினோம். ஒரே நாளில் மாலை போட்டு ஒரே நாளில் கழற்றினோம். என்னை எளிதாக விட்டது உன்னை ஏன் பிடித்து வைத்துக்கொண்டது? பின்னால் நீயே பிய்த்துக்கொண்டு வந்தபோதும், ஏன் அது உன் மூச்சைத் திருப்பித் தரவில்லை?  தங்கை கேட்டால் என்ன சொல்வேன்?

போன மாதம் ஏழுமலை வீட்டுக்கு வந்தான். அவனுக்கும் இருமல். "அண்ணா, நீ எப்டிணா உட்ட? எனுக்குச் சொல்லுண்ணா" என்றான். எனக்குத் தெரியவில்லை என்றேன். அவன் எழுந்து போகப் பார்த்தான். அப்போது என் போன் நம்பரைக் கொடுத்தேன்.

அவன் கூப்பிடுகிறான். படகில் சிக்னல் கிடைக்கும் இடத்திலிருந்து காற்று இரைய இரையக் கூப்பிடுகிறான். நேற்று குடித்துவிட்டேன் என்கிறான், இன்று குடிக்கவில்லை என்கிறான், நாளை என்ன ஆகும் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ரயில் கூட்டத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, என் வீட்டில் என்ன குழம்பு என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.