நான் சொல்லும்வரை தொடாதே

பென்டில் ஹில், சிட்னி
2 அக்டோபர் 2025

அன்புள்ள வரதனுக்கு,

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, சரஸ்வதி பூஜையில் வைத்திருந்த ஸ்ருதியின் புத்தகங்களை எடுத்துக் கொடுத்தேன். பிசிக்ஸ் மட்டும் அடுக்கில் இல்லை. ராத்திரியே உருவிவிட்டாளாம். "சாமிக்கு ஹெச்.எஸ்.சி. கிடையாதும்மா, எனக்கு இருக்கு" என்கிறாள். உங்கள் மகள்!

ஜாம்பியாவிலிருந்து நீங்கள் அனுப்பிய ஆயுத பூஜைப் படத்தைப் பார்த்தேன். சுரங்கத்தில் ஊறும் நீரை இறைக்கிற பம்பை நிறுத்திவைத்து, அதற்கு மாலை, சந்தனம், பூசணிக்காய். கற்பூரத் தட்டோடு நிற்கும் உங்கள் பம்பு ஆபரேட்டர் முவான்சாவின் நெற்றியில் என்னுடையதைவிடப் பெரிய பொட்டு. கூடவே வந்த குரல்பதிவையும் கேட்டேன். "சாமி எவ்வளவு நேரம் தூங்கும், பாஸ்?" என்று அவர் கேட்க, நீங்கள், "நான் சொல்லும்வரை சுவிட்சைத் தொடாதே." சிரித்துவிட்டேன். போன வருஷம் நாங்கள் வந்தபோது அவர் மனைவி சாரிட்டி தைத்துக் கொடுத்த கவுனை ஸ்ருதி இன்னும் விடவில்லை.

எங்களுக்கும் கொஞ்சம் அப்பா வேண்டும். எப்போது வருகிறீர்கள்?

உங்கள்
மிருணாளினி


சுரங்க முகாம், ஜாம்பியா
11 அக்டோபர் 2025

அன்புள்ள மிருணா,

போன் எடுக்காததற்குக் கோபிக்காதே. பூஜையன்று சாயங்காலம் சுரங்கத்தில் நீர் ஏறி இரண்டு பேர் போய்விட்டார்கள். கரண்ட் கட். இங்கே அது வாடிக்கை. ஜெனரேட்டரைப் போடாமல் முவான்சா தூங்கிவிட்டான் என்று அறிக்கை போயிருக்கிறது. போலீஸ் பிடித்து வைத்திருக்கிறது. பாவம்தான். கம்பெனி அவன் குடும்பத்தைப் பார்த்துக்கொள்ளும்.

நல்ல செய்தி ஒன்று. டிசம்பரில் எனக்குச் சிட்னி அலுவலகத்துக்கே மாற்றல். இனிமேல் நீ தனியாகக் குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு தெருவுக்குப் போக வேண்டாம்.

அந்தப் பூஜைப் படத்தையும் குரலையும் அழித்துவிடு. வெளியாட்கள் பார்த்தால் நம்மைக் கேலி செய்வார்கள். ஸ்ருதியின் போனிலும் ஒருமுறை பார்.

அன்புடன்
வரதன்


பென்டில் ஹில்
21 அக்டோபர் 2025

வரதராஜனுக்கு,

சாரிட்டியோடு பேசினேன். அன்று முகாமில் கரண்ட் போகவே இல்லை. அவளுடைய தையல் மெஷின் இருட்டும்வரை ஓடியிருக்கிறது. முவான்சா தூங்கவும் இல்லை. உங்களைப் போனில் அழைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். நீங்கள் விருந்தினர் விடுதியில் டைரக்டர்களுக்கு வடையும் சுண்டலும் பரிமாறிக்கொண்டிருந்தீர்கள். சாமியைத் தூங்க வைத்தவர் எழுப்ப மறந்துவிட்டீர்கள்.

நேற்று நான் இதைக் கேட்டதும் போனில் கத்தினீர்கள்: "தண்ணி ஏறுது, அந்த முட்டாளுக்கே பம்பைப் போடத் தெரியாதா?" தெரியும். உங்கள் சாமிக்கும் உங்கள் சொல்லுக்கும் மரியாதை கொடுத்தார். நம் மகள்கூடக் கொடுக்காத மரியாதை.

சாரிட்டி என்னிடம் எதையும் கேட்கவில்லை. "பாஸ் வந்து உண்மையைச் சொல்வார், அம்மா" என்றாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மாற்றல் போகும். வேலையும் போகும். முவான்சா இருக்கும் இடத்தில் நீங்கள் நிற்க வேண்டிவரலாம். ஸ்ருதி என்னை மன்னிப்பாளா, தெரியாது. பரீட்சைக்குக் கிளம்பிக்கொண்டே, "அப்பா டிசம்பர்ல கண்டிப்பா வர்றார்ல?" என்று கேட்டாள். "பேனா எடுத்துக்கிட்டியா?" என்றேன்.

அவளை ஸ்டேஷனில் விட்டுவிட்டு வந்ததும் படத்தையும் உங்கள் குரலையும் சாரிட்டிக்கு அனுப்பப்போகிறேன். அதற்குப் பிறகுதான் உங்களுக்கு இந்தக் கடிதம். இந்த நிமிஷம்வரை இந்த முடிவு என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. ஸ்ருதி வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருக்கிறாள்.

மிருணாளினி