சங்கிலியில்லா இறக்கம்

ஜூன் 3

இவ்வளவு நேரங்கழித்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள், நோட்டே. பாப்பா இப்போதுதான் கண் அசந்தாள்.

காலையில் கல் இறக்கத்தில் மலைச் சைக்கிளிலிருந்து விழுந்தேன். முழங்கையில் கட்டு. பிரேக் பிடித்து மெதுவாகத்தான் இறங்கினேன். பெடல் பின்னால் உதைத்துக் கால் தெறித்தது. அதிர்வைத் தாங்க வேண்டிய பின் ஷாக் அமுங்கவே இல்லை, மரக்கட்டை. போன வாரம்தான் மெக்கானிக் அண்ணன் அதைப் பிரித்து மாட்டினார். வேறு யார் காரணம்?

ஜூன் 4

எங்கள் சைக்கிள் குழுவில் போட்டுவிட்டேன். கட்டுப் போட்ட கையும் மடியில் பாப்பாவுமாகப் படம். “இந்த மெக்கானிக்கிடம் ஷாக் வேலை கொடுக்காதீர்கள். எனக்கு ஒன்று ஆகியிருந்தால் இந்தக் குழந்தைக்கு யார்?”

மூன்று பேர் அவரிடம் விட்டிருந்த வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்களாம்.

அவர் போன் செய்தார். கத்தவில்லை. “புதுசா ஏதாவது மாத்தினீங்களாம்மா?”

“ஒண்ணும் இல்ல.”

“அப்ப சங்கிலியைக் கழட்டிட்டு அதே இறக்கத்துல ஒரு தடவை விட்டுப் பாருங்க. அப்புறம் திட்டுங்க.”

வைத்துவிட்டேன்.

ஜூன் 5

ஒண்ணும் இல்லையா? பின்சக்கரம்?

ஜூன் 7

ஏற்றத்தில் மிதித்த உடனே பிடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, புது ஹப், அதாவது நடுக்குடம், போட்ட பின்சக்கரத்தை நானேதான் மாட்டினேன். ஹப்புக்கும் ஷாக்குக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன். மெக்கானிக்கல் படித்தவளாம் நான்!

இன்று சங்கிலியைக் கழற்றி இறங்கினேன். ஷாக் வெண்ணெய். சங்கிலியை மாட்டினேன் — உதை. பழைய சக்கரத்தை மாட்டினேன் — சங்கிலியோடும் மெத்தென்று இருந்தது.

ஷாக் அமுங்கும்போது பின்சக்கரம் நகர்ந்து சங்கிலியை இழுக்கிறது. பழைய ஹப் பிடிப்பதற்குள் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். இழுப்பு அதிலேயே கரைந்துவிடும். புதியது தொட்டவுடன் பிடிக்கிறது. இழுப்பு நேரே பெடலுக்கு வருகிறது. ஷாக்கை அமுங்க விடாமல் தடுத்தது பெடலை அழுத்தி நின்ற என் காலேதான்.

கீழே பாப்பாவோடு நின்ற என் கணவர் சிரித்தார். “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 8

பதிவைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டேன். முடிந்தது.

முடிந்ததா?

ஜூன் 10

அவர் கடை வழியாகப் போனேன். வண்டி மாட்டும் ஸ்டாண்ட் காலி. துடைத்த ஸ்பேனரையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். பாப்பா அவரைப் பார்த்துக் கையாட்டினாள். அவரும் ஆட்டினார். நான் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். சீ, என்ன பொம்பளை நான்! விழுந்த வலியை விட, குழந்தையைக் கேடயமாகப் பிடித்ததுதான் அறுக்கிறது.

ஜூன் 11

குழுவில் எல்லாவற்றையும் எழுதினேன். பாப்பா படம் இல்லாமல். பிறகு அவருக்கு அனுப்பியது:

“அண்ணா, நீங்க சொன்ன மாதிரி சங்கிலி இல்லாம இறங்கிப் பார்த்தேன். உங்க வேலையில ஒரு குறையும் இல்ல. சக்கரம் மாத்தினதை நான்தான் மறைச்சேன். குழந்தையைக் காட்டி உங்க பேரைக் கெடுத்தேன். குழுவுலயும் இதையே எழுதியிருக்கேன். சனிக்கிழமை ரெண்டு சக்கரத்தையும் எடுத்துட்டு வரலாமா? வேணாம்னாலும் சொல்லுங்க. சீக்கிரம் பதில் போடுங்க.”